கை விழாத பதின்மூன்று பேர்

வியாழக்கிழமை சாயங்காலங்களில் விவேக் நகரில் வீட்டிலிருந்து குழந்தை யேசு கோயில்வரை பியாட்ரிஸால் பத்து நிமிஷத்தில் நடந்துபோக முடிந்ததே இல்லை. நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் தோள்வலிக்காரர்கள். மெழுகுவத்திக் கடை வாசலில் ஒருத்தர், பூக்கடைப் பக்கம் ஒருத்தர் என்று யாராவது, "பிசியோ மேடம், ஒரே ஒரு நிமிஷம்" என்று வழி மறிப்பார்கள். அவளும் கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, வந்தவர் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கிவிடுவாள்.

"இப்ப மெதுவா இறக்குங்க. அவசரமில்ல. மெதுவா."

கை சீராக இறங்கினால், "ஜவ்வு கிழியல, நிம்மதியா போங்க" என்பாள். பாதி வழியில் தொப்பென்று விழுந்தால், "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்பாள். மொத்தமே அரை நிமிஷம். கணவன் ரெமிஜியஸ், அச்சாபீசில் மிஷின் ஓட்டுபவன், கோயில் பாடகர் குழுவில் கட்டைக்குரல்காரன், பக்கத்தில் நின்று, "என் பெண்டாட்டி கைக்குள்ள எக்ஸ்ரே வச்சிருக்கா" என்று பெருமையடித்துக்கொள்வான்.

அந்தப் பெருமையில் பியாட்ரிஸுக்கும் பங்கு இருந்தது. ஊரின் நடுவில் இருந்த ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருஷமாக அவள் பிசியோதெரபிஸ்ட். மேல் மாடி எலும்பு டாக்டர்களே தோள் கேஸ் என்றால், "பியாட்ரிஸ் என்ன சொல்றாங்க பாருங்க" என்று சீட்டு எழுதி அனுப்புவார்கள். அவள் சொன்னது தப்பு என்று யாரும் திரும்பி வந்ததில்லை. திரும்பி வராதவர்கள் எல்லாம் குணமாகிவிட்டார்கள் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

2002 ஜூன் மாசம் சங்கமித்ரா ஒரு பச்சை நிற ஃபைலோடு கீழே இறங்கி வந்தாள். எலும்பு வைத்தியத்தில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர். ஆஸ்டின் டவுன் பெண். புத்த பூர்ணிமாவுக்கு ஒரு தூக்கு நிறைய பாயசம் கொண்டு வந்து கீழ்த்தளத்து ஆயாக்களிலிருந்து ஆரம்பித்துக் கொடுப்பவள் என்பதால் பியாட்ரிஸுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

"அக்கா, தீசிஸுக்கு உங்க கை வேணும்."

"எடுத்துக்கோங்க டாக்டர். ரெண்டு கையா, ஒண்ணு போதுமா?"

"தோள் ஜவ்வு கிழிஞ்சிருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க நாம கையால பண்ற டெஸ்ட் எல்லாம் எவ்வளவு சரின்னு பார்க்கப்போறேன். அம்பது பேஷண்ட். முதல்ல நீங்க பார்ப்பீங்க. அப்புறம் தனி ரூம்ல நான் பார்ப்பேன். ஆளுக்கொரு சீட்டுல எழுதி, கவர்ல போட்டு ஒட்டிடணும். கடைசியா கோவிந்தப்பா சார் ஸ்கேன் பண்ணுவார். யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கவரைப் பிரிக்கிறது."

"எவ்வளவு சரின்னு எதுக்கு அம்பது பேர வச்சிப் பார்க்கணும்? என்னைக் கேட்டா இப்பவே சொல்லிட்டுப் போறேன்."

"எவ்வளவுக்கா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. போனாப் போகுதுன்னு அஞ்சு விட்டுக் கொடுக்கறேன்."

சங்கமித்ரா சிரித்துக்கொண்டே அதையும் ஃபைலின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் பியாட்ரிஸுக்கு இந்த ஏற்பாடு எரிச்சலாகத்தான் இருந்தது. பேஷண்டோடு பேசக் கூடாதாம். வயசு என்ன, என்ன வேலை, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, எதையும் கேட்கக் கூடாது. நாலே நாலு சோதனை. நாலுக்கும் ஆம், இல்லை என்று எழுத வேண்டியது. அதில் ஒன்றுக்குக் காலி டப்பா என்று பெயர். இரண்டு கைகளையும் முன்பக்கமாக விரித்து நீட்டி, டப்பாவைக் கவிழ்ப்பதுபோலக் கட்டைவிரல் தரையைப் பார்க்கத் திருப்பிவைத்துக்கொள்ளவேண்டும். பியாட்ரிஸ் மேலிருந்து அழுத்துவாள். தாங்க முடியாமல் கை தாழ்ந்தால் ஆம். இன்னொன்று அவளுடைய செல்ல சோதனை, கையைத் தூக்கி மெதுவாக இறக்கச் சொல்வது.

ஸ்கேன் டாக்டர் கோவிந்தப்பா துமகூர்க்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஸ்கேன் மிஷினை யாரையும் தொட விடமாட்டார். ஒவ்வொரு தோளையும் பார்த்து முடித்ததும், "ஆயித்து, ஆயித்து. கவர் எல்லி?" என்று கவரைக் கேட்டு வாங்கி, தன் சீட்டையும் ஒட்டிக் கொடுப்பார். கவர்கள் எல்லாம் சங்கமித்ராவின் பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே வந்தன. நவம்பரில் டின் மூட முடியாத அளவு நிரம்பியது.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் பிசியோ ரூமில் உட்கார்ந்து கவர்களைப் பிரித்தார்கள். கோவிந்தப்பா கேண்டீனிலிருந்து பஜ்ஜி வரவழைத்திருந்தார். பியாட்ரிஸ் வாசிக்க, சங்கமித்ரா கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"ஸ்கேன்படி அம்பது பேர்ல இருபத்தி நாலு பேருக்குக் கிழிசல்" என்றாள் சங்கமித்ரா. "முதல்ல காலி டப்பா. இருபத்தி நாலுல இருபது பேரை நீங்க பிடிச்சிட்டீங்கக்கா."

"பார்த்தீங்களா?"

"ஆனா கிழியாத இருபத்தி ஆறு பேர்ல பன்னண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சிருக்கீங்க."

கோவிந்தப்பா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "தப்பு பண்ணவனையும் பிடிக்குது, ரோட்டுல சும்மா போறவனையும் பிடிக்குது. நம்ம ஊர் போலீஸ் மாதிரி" என்றார்.

பியாட்ரிஸும் சிரித்தாள். "அதை விடுங்க. என்னோடது என்ன ஆச்சு? கை விழறது?"

"அது ரொம்ப நல்லா வந்திருக்கு. ஏழு பேருக்குக் கை விழுதுன்னு எழுதியிருக்கீங்க. ஏழு பேருக்கும் கிழிசல். ஒண்ணுகூடத் தப்பில்ல."

பியாட்ரிஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டிலிருந்த கடைசி மிளகாய் பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். சங்கமித்ரா மட்டும் தாளைவிட்டு நிமிரவில்லை.

"மிச்சம் நாற்பத்து மூணு பேருக்கு விழலன்னு எழுதியிருக்கீங்க" என்றாள் மெதுவாக. "அதுல பதினேழு பேருக்குக் கிழிஞ்சிருக்குக்கா."

"எத்தனை பேருக்கு?"

"பதினேழு. எனக்கும் கிட்டத்தட்ட அதேதான். பதினஞ்சு."

பியாட்ரிஸ் எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பதினேழுதான் வந்தது. கோவிந்தப்பாவின் சீட்டுகளை மறுபடி வாங்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பக்கத்துத் தசைங்க தாங்கிப் பிடிச்சிக்குது போலிருக்கு" என்றாள் சங்கமித்ரா. "கை விழுந்தா கிழிஞ்சிருக்குன்னு தைரியமாச் சொல்லலாம். விழலன்னா ஒண்ணுமே சொல்ல முடியாது. அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம்."

அவ்வளவுதான் அர்த்தம் என்பது சங்கமித்ராவுக்குத் தீசிஸில் ஒரு நல்ல அத்தியாயம். பியாட்ரிஸுக்கு அந்த நிமிஷம் யசோதாவின் முகம் ஞாபகம் வந்தது.

ஏப்ரலில் வந்தவள். பீன்யா தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, வயசு நாற்பத்து நாலு. தலைக்கு மேலே இருக்கும் ரேக்கில் பெட்டிகளை ஏற்றி இறக்குவது பதினோரு வருஷமாக அவள் வேலை. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுகிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். பியாட்ரிஸ் கையைத் தூக்கி இறக்கச் சொன்னாள். யசோதா பல்லைக் கடித்துக்கொண்டு சீராக இறக்கிவிட்டாள். "அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியல மேடம்" என்று அவள் சொன்னதும், "கிழிஞ்சிருந்தா கை நிக்காதும்மா. எக்ஸர்சைஸ் பண்ணுங்க, சரியாயிடும்" என்று தான் சொன்னதும் பியாட்ரிஸுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. கார்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்: கிழிசல் இல்லை, வழக்கமான வேலைக்குப் போகலாம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பியாட்ரிஸ் ரெக்கார்டு ரூமுக்குப் போனாள். நாலு நாள் போனாள். கடந்த ஒரு வருஷத்தில் அந்த ஒரே சோதனையை நம்பி, வலியோடு வந்தவர்களை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிய கார்டுகளைத் தனியாக எடுத்து வைத்தாள். பதின்மூன்று தேறின.

சங்கமித்ரா அதைப் பார்த்துப் பதறிப்போனாள். "அக்கா, இது உங்க தப்பு இல்ல. காலேஜ்ல அப்படித்தானே சொல்லிக் கொடுக்கறாங்க. எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்னு யாரும் கேக்கல. தீசிஸுக்கு இருக்கறதே போதும்."

"தீசிஸ் உங்களுக்கு டாக்டர். கார்டுல இருக்கற கையெழுத்து என்னுது."

கோவிந்தப்பா முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு, புதன்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை மிஷின் சும்மாதான் இருக்கிறது, ஆனால் ஒன்பது அடித்தால் ஒரு தோளையும் தொடமாட்டேன் என்றார். பியாட்ரிஸ் போஸ்ட் கார்டு வாங்கி வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஏழு தமிழில், ஐந்து கன்னடத்தில். உங்கள் தோளை மறுபடி ஒருமுறை பார்க்க விரும்புகிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதி, பயப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் அடித்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியாது அல்லவா.

ரெமிஜியஸ் விலாசம் சரிபார்க்கும் சாக்கில் எண்ணிப் பார்த்தான். "பதின்மூணு பேருன்ன. பன்னண்டுதான் இருக்கு."

"ஒண்ணு அப்புறம் எழுதிக்கறேன்."

யாருடைய கார்டு என்று அவன் கேட்கவில்லை.

டிசம்பர் முதல் புதன்கிழமையிலிருந்து ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். ஒரு கார்டு, விலாசதாரர் சேலம் போய்விட்டார் என்று திரும்பி வந்தது. இன்னொன்றுக்குப் பதிலே இல்லை. ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேருக்கு நிஜமாகவே கிழிசல் இல்லை. ஒருவருக்குச் சின்னக் கிழிசல், பயிற்சியில் சரிசெய்யலாம். ஒரு டிரைவருக்குப் பெரிய கிழிசல், ஆபரேஷனுக்கு மேல்மாடிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவர் கோபித்துக்கொள்வார் என்று பியாட்ரிஸ் காத்திருந்தாள். அவரோ, "லெட்டர் போட்டுக் கூப்பிட்டுச் சொல்ற ஆஸ்பத்திரிய இப்பத்தான் பார்க்கறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

போஸ்ட் கார்டைப் படித்தும் வராதவர் ஒருத்தர்தான், ஆஸ்டின் டவுன் பெயிண்டர் ஜெயராமன். அறுபத்து இரண்டு வயசு. பியாட்ரிஸும் ரெமிஜியஸும் ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு போனபோது, அவர் ஒரு ஸ்கூல் கட்டடத்தில் சாரத்தின் மேல் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

பியாட்ரிஸ் கீழே நின்று விஷயத்தைச் சொன்னதும், "இன்னா மேடம் இது!" என்று மேலிருந்தே குரல் கொடுத்தார். "உங்க கை பட்டு எனக்கு சுத்தமா சரியாயிடுச்சின்னு ஏரியா ஃபுல்லா சொல்லி வச்சிருக்கேன். இப்ப நீங்களே வந்து கிழிஞ்சிருக்கலாம்னா என் மானம் இன்னா ஆவறது?"

"வலி இருக்கா?"

"ஒரு மாசத்துல போயிடுச்சி. இப்ப இந்தக் கையிலதான் அடிக்கிறேன், பாருங்க." அவர் பிரஷை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் காட்டினார். கீழே நின்ற ரெமிஜியஸின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விழுந்தது.

"சரி, எனக்காக ஒரு தடவை வாங்க."

"உங்களுக்காகன்னா வரேன். ஆனா பேஜார் பண்ணக் கூடாது."

அடுத்த புதன்கிழமை ஜெயராமன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோவிந்தப்பா கருவியைத் தோளில் வைத்து நகர்த்தினார். நிறுத்தினார். மறுபடி நகர்த்தினார். பியாட்ரிஸையும் சங்கமித்ராவையும் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு விரலால் காட்டினார். ஜவ்வு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு இடைவெளி. முழுக் கிழிசல். அதுவரை பார்த்தவர்களில் இவருடையதுதான் பெரிது.

"இன்னா சார், சினிமா நல்லாருக்கா?" என்றார் ஜெயராமன் படுத்தபடியே.

மூன்று பேரும் வெளியே வந்து நின்றார்கள். சங்கமித்ராவுக்குக் குழப்பம். "அக்கா, அவர் கையைத் தலைக்கு மேல தூக்கறாரு, பெயிண்ட் அடிக்கிறாரு. வலியே இல்லங்கறாரு. இவருக்கு என்னன்னு எழுதறது?"

"வயசானா கொஞ்சம் பேருக்கு இப்படித்தான்மா" என்றார் கோவிந்தப்பா. "கிழிஞ்சிருக்கும். அவங்களுக்கே தெரியாது. மிஷின் கிழிசலைத்தான் காட்டும். வலியைக் காட்டாது."

பியாட்ரிஸ் உள்ளே போய் ஜெயராமனிடம் உள்ளதைச் சொன்னாள். உள்ளே கிழிந்திருக்கிறது, ஆனால் உங்கள் கை அதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் எதுவும் இப்போது வேண்டாம், பலம் குறைந்தால் மட்டும் உடனே வாருங்கள். ஜெயராமன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அப்போ நீங்க கிழியலன்னு சொன்னது தப்பு. வேலைக்குப் போன்னு சொன்னது சரி."

"ஆமா."

"ஏரியாவுல நான் ரெண்டாவத மட்டும் சொல்லிக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டே ரெமிஜியஸ் கேட்டான். "பன்னண்டு முடிஞ்சிது. அந்தப் பதின்மூணாவது பீன்யாவா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மேஜை டிராயர்ல ரெண்டு மூணு வாரமா பீன்யா விலாசத்தோட ஒரே ஒரு கார்டு கிடக்குது. நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்டு இல்ல. போலாம்."

மறுநாள் பியாட்ரிஸ் அரை நாள் லீவு போட்டாள். யஷ்வந்தபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் லாரிகள். தூசியில் ரெமிஜியஸின் பாட்டுகூட நின்றுபோயிற்று. கார்டில் இருந்த வீட்டு விலாசத்தில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டில் கேட்டு, கம்பெனி வாசலுக்கு வந்தபோது இரண்டு மணி ஷிப்டு முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

யசோதாவை முகம் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தோளைப் பார்த்துக் கண்டுபிடித்தாள் பியாட்ரிஸ். டிபன் பை இடது பக்கம். வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்யவும் இடது கையே குறுக்கே வந்தது.

"யசோதா."

"மேடம்! இங்க எங்க?"

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்." வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எங்கேயோ போய்விட்டன. "ஏப்ரல்ல உங்களுக்கு ஜவ்வு கிழியலன்னு எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு டெஸ்ட வச்சி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்கேன் பார்க்கணும். புதன்கிழமை வரீங்களா?"

"அப்ப கிழிஞ்சிருக்கா?"

"தெரியாது."

"கிழியலையா?"

"அதுவும் தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

யசோதா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"எட்டு மாசம் மேடம். வலி கூடப் பரவால்ல. உங்க கார்டத்தான் எல்லாரும் பிடிச்சிக்கிட்டாங்க. சூப்பர்வைசர் கேட்டா, அதான் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்களே, நடிக்காதங்கறாரு. வீட்ல கொடம் தூக்க முடியலன்னா, பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க, இவளுக்கு சோம்பேறித்தனம்னு மாமியார் சொல்லுது. கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. நெஜமாவே நடிக்கிறேனோன்னு."

மன்னிச்சிடுங்க என்று சொல்ல பியாட்ரிஸ் வாயெடுத்தாள். யசோதா தலையாட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா மேடம் ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே வலிக்குதுன்னு. உள்ள வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே சூப்பர்வைசர் உமேஷ், முப்பது வயசுக்காரன், காதில் பென்சிலோடு ஒரு ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஐந்தாறு பெண்கள் அடுத்த ஷிப்டுக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தார்கள். பியாட்ரிஸ் ஏப்ரல் கார்டின் ஆஸ்பத்திரிப் பிரதியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது நான் எழுதினது. இது தப்பு."

உமேஷ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். "அப்ப கிழிஞ்சிருக்கா மேடம்?"

"இன்னும் தெரியாது. ஸ்கேன் பண்ணணும்."

"ஸ்வல்ப புரியல மேடம். கிழிஞ்சிருக்குன்னா சேஞ்ச் மாடலாம், வேற வேலை குடுக்கலாம். கிழியலன்னா மாட முடியாது. நீங்க ரெண்டும் இல்லன்னு சொல்றீங்களே."

"ரெண்டும் இல்லன்னு சொல்லல. ஒண்ணுமில்லன்னு நான் சொன்னத இனிமே யாரும் நம்ப வேண்டாம்னு சொல்றேன். இவங்க வலிக்குதுன்னு சொன்னாங்க, நான் காதுல வாங்கல. இவங்க நடிக்கல. அதுக்கு ஸ்கேன்கூட வேண்டாம். அந்தக் கைய அவங்க எப்படி வச்சிக்கிட்டு நடக்கறாங்கன்னு பார்த்தாலே போதும்."

ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியம்மா, "நானும் அதத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். உமேஷுக்கு முகம் சிவந்தது. கெட்டவன் இல்லை, மேலேயிருந்து கேட்பார்களே என்ற பயம்தான். ரிஜிஸ்டரில் ஏதோ எழுதி, "புதன்கிழமை லீவு போட்டாச்சு. அதுவரைக்கும் ரேக் வேண்டாம், பேக்கிங் டேபிள்ல இருக்கட்டும்" என்றான்.

வெளியே வந்ததும் பியாட்ரிஸ் மூச்சு விட்டாள். வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற ரெமிஜியஸைப் பார்த்து யசோதா கேட்டாள். "வண்டில மூணு பேர் போலாமா அண்ணா?"

"எங்கம்மா?"

"எங்க வீட்டுக்கு. இந்நேரம் மாமியார் வந்திருக்கும்."

போலீஸ் கண்ணில் படாமல் சந்து சந்தாகப் போனார்கள். மாமியார் டீ போட்டுக் கொடுத்தாள். பியாட்ரிஸ் சொன்னதையெல்லாம் முகவாயில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில், "ஆஸ்பத்திரிக்காரங்களே தப்பு பண்ணிட்டு வந்து நம்ம வீட்ல டீ குடிக்கறாங்க, காலத்தப் பாரு" என்றாள். யசோதா அன்றைக்கு முதல் தடவையாக நன்றாகச் சிரித்தாள். பியாட்ரிஸும் சிரித்துவிட்டாள். வேறு என்ன செய்ய?

புதன்கிழமை கோவிந்தப்பா ரொம்ப நேரம் பார்த்தார். ஜவ்வின் அடிப்பக்கம், பாதி ஆழத்துக்குக் கிழிசல். பியாட்ரிஸ் அதை யசோதாவுக்குத் திரையிலேயே காட்டினாள். யசோதா கண் எடுக்காமல் பார்த்தாள். அழுவாளோ என்று சங்கமித்ரா பயந்தாள். அழவில்லை. "இத ஒரு ஜெராக்ஸ் குடுங்க" என்று மட்டும் கேட்டாள். இரண்டு பிரதி கொடுத்தார்கள். ஒன்று கம்பெனிக்கு. இன்னொன்று எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. கம்பெனியில் யசோதாவை, உட்கார்ந்தபடியே உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஷிப்டு முடிந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கும் பயிற்சியை, எண்ணிக்கை தவறாமல் செய்தாள். பியாட்ரிஸ் பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கையை விட்டால், "ஒன்பது மேடம், பத்து இல்ல" என்று திருத்துவாள். அந்தக் கண்டிப்பு கடைசிவரை குறையவில்லை. பியாட்ரிஸும் குறையவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

பியாட்ரிஸ் சோதனைகளை விட்டுவிடவில்லை. இப்போது அவளுடைய சோதனை இருபது நிமிஷம் ஆகிறது. முதல் பத்து நிமிஷம் கையைத் தொடுவதே இல்லை, கேள்விதான். ஆயாக்கள் வெளியே வரிசை நீளுகிறது என்று முணுமுணுத்தார்கள். கார்டில் கிழிசல் இல்லை என்ற வார்த்தையை எழுதுவது நின்றுபோயிற்று. "இந்தச் சோதனையில் தெரியவில்லை, வலி இருக்கிறது" என்று எழுதினாள். இரண்டு வரி அதிகம்.

சங்கமித்ராவின் தீசிஸ் மறு வருஷம் ஏப்ரலில் தேர்வுக்குப் போனது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருத்தர், "இந்தப் பிசியோதெரபிஸ்ட் தொண்ணூத்தஞ்சு சதவீதம்னு முன்கூட்டியே சொன்னதா ஒரு குறிப்பு இருக்கே, இத ஏன் சேர்த்தீங்க?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" பியாட்ரிஸ் அவளைக் கேட்டாள். யசோதாவுக்கு ஸ்கேன் பார்த்த நாளிலிருந்து நீங்க நீயாகிவிட்டிருந்தது.

"நானும் அதேதான் நினைச்சிருந்தேன் சார், அவங்க வாய்விட்டுச் சொன்னாங்கன்னேன்."

"பாஸா?"

"பாஸ்."

பியாட்ரிஸ் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போது யசோதா உள்ளே வந்து செருப்பை ஓரமாக விட்டாள். அன்று வெள்ளிக்கிழமை. கையை மெல்ல முன்னால் நீட்டி, காதுவரை தூக்கி, அங்கேயே நிறுத்திக் காட்டினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் பியாட்ரிஸ்.

யசோதா அவசரப்படவில்லை. கையை இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"வலிக்குது மேடம். ஆனா போன மாசம் வலிச்ச வலி இல்ல, இது வேற. வேலை செஞ்ச வலி மாதிரி இருக்குது."

பியாட்ரிஸ் பேனாவைத் திறந்து, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.